வேக், வோக், வோக்கன்

ஜூன் 2

ரொட்டிக்காரருக்கு,

விசா ஆபீஸ் கவர் வந்துவிட்டது. பயப்படாதீர்கள் என்று முதல் வரியிலேயே எழுத நினைத்தேன். எனக்கே கைகால் ஓடாதபோது உங்களுக்கு என்னத்தைத் தைரியம் சொல்வது?

ஜூலை 24 காலை பத்து மணிக்கு என்னை இங்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். அதே நாளில் உங்களையும் அங்கே இருக்கும் ஆபீசுக்குக் கூப்பிடுவார்களாம். இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி கேள்விகள். பதில் ஒத்துப் போகவில்லை என்றால் இது நிஜக் கல்யாணம் இல்லை, விசாவுக்காக ஜோடித்தது என்று எழுதி மூடிவிடுவார்கள். எல்லாம் இங்கிலீஷில். நடுவில் மொழிபெயர்க்க ஆள் கிடையாது. கணவன் ஊருக்கு வந்து குடியிருக்கப் போகிறவளுக்கு அந்த அளவு பேச்சாவது வர வேண்டுமாம்.

மாடி வீட்டு அக்காவை ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் இங்கே இருந்த மழைக்காலத்தில் தினமும் படியில் உட்கார்ந்து தலை துவட்டுவாரே, அவர்தான். அவருக்குப் போன மாதம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முன் அறையில் சுவர்க் கடிகாரம் இருக்கிறது என்று அவர் வீட்டுக்காரர் சொன்னாராம். எங்கள் வீட்டில் கடிகாரமே இல்லை என்று அக்கா சொன்னாராம். வீட்டுக்காரர் வெளிநாடு கிளம்பிப் போன பிறகு அது நின்றுபோய், கழற்றிக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். எத்தனையோ வருஷக் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், ஒரு ஓட்டைக் கடிகாரத்தில் போச்சு. மறுபடி மனுப் போடவே வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம்.

"ஏன்க்கா, பிள்ளைங்களைக் காட்ட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"காட்டினேன்டி. யாரோட பிள்ளைங்கன்னு கேட்டாங்க," என்றார்.



அவர்களுக்கே இந்தக் கதி என்றால் ஒரே ஒரு மழைக்காலம் சேர்ந்து இருந்த நம்மை யார் நம்பப் போகிறார்கள்? கல்யாணப் போட்டோவைக் காட்டலாம் என்றால் அது அதைவிட மோசம். போட்டோக்காரர் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டார். அது இல்லாவிட்டால் எனக்குச் சுவரும் மனுஷனும் ஒன்றுதான். எந்தப் படத்திலும் நான் உங்களைப் பார்க்கவில்லை. உங்களுக்கு அந்தப் பக்கம் இருந்த பூச்சாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்கள் பூச்சாடிக்கும் எனக்கும்தான் கல்யாணம் என்பார்கள்.

கண்ணாடிக் கடையில் வேலை முடிந்ததும் சாயங்காலம் இங்கிலீஷ் டியூஷன் போகிறேன். டீச்சர் என்னைவிடச் சின்னவர், அதட்டலில் மட்டும் என் மாமியாருக்கு மாமியார். (அத்தை இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) வாரம் ஒரு வினைச்சொல். அதை எல்லாக் காலத்திலும் எழுத வேண்டும், பிறகு சொந்த வாழ்க்கையிலிருந்து வாக்கியம் போட வேண்டும். இந்த வாரம் வேக். ஐ வேக், யூ வேக், ஹி வேக்ஸ். நேற்று என்றால் வோக். ஆகி முடிந்தது என்றால் ஹேவ் வோக்கன். "ஏன் டீச்சர், எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வச்சா என்ன?" என்றேன். "இங்கிலீஷ் உங்க வசதிக்காகப் பொறக்கலை," என்றார்.

நம் பேச்சில் முழிப்பது வேறு, எழுப்புவது வேறு. அவர்களுக்கு இரண்டும் இந்த ஒரே வேக்தானாம். தானாக முழித்தாலும் வேக், ஒருத்தரை இன்னொருத்தர் எழுப்பினாலும் வேக். கஞ்சத்தனம்.

தினமும் நடப்பதற்கு முதல் வடிவம் போட வேண்டும் என்றார். எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. நமக்குத் தினமும் என்று ஒன்று இருந்ததா? யோசித்து யோசித்து எழுதியது இது. ஐ வேக் ஃபர்ஸ்ட். ஹி வேக்ஸ் லேட். ஐ வேக் ஹிம். நீங்களும் இதையே மனப்பாடம் செய்யுங்கள். சுவர் ஓரம் நான், ஜன்னல் ஓரம் நீங்கள். என் கண்ணாடி இரவில் ஜன்னல் திட்டில் இருக்கும். ஜன்னலுக்குத் திரை கிடையாது, பழைய போர்வைதான். கடிகாரம் ஒன்றே ஒன்று, சமையலறையில். ஜூலை 24 வரை அதை யாரும் தொடக் கூடாது என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். தூசு தட்டக்கூட விடவில்லை.

எழுப்புவதற்கு இன்னொரு வாக்கியம் சொல்லுங்கள் என்று டீச்சர் கேட்டார். யோசிக்காமல் வந்துவிட்டது. ஹி டிட் நாட் வேக் மி. சரி என்று டிக் போட்டார். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியும்.

கண்ணாடிக்காரி


ஜூன் 12

கண்ணாடிக்காரிக்கு,

எனக்கும் கவர் வந்தது. பேக்கரி வாசலில் நின்று பிரித்தேன். படித்து முடிப்பதற்குள் அடுப்பில் ஒரு தட்டு ரொட்டி கரிக்கட்டை. முதலாளி வந்து தட்டைப் பார்த்தார், என் மூஞ்சியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த அளவுக்கா என் மூஞ்சி இருந்தது?

இங்கே அறையில் நாலு பேர், இரண்டு அடுக்குக் கட்டில். நான் மேல் தட்டில். எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும், அதனால் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். 

எனக்குக் கீழே படுக்கிறவர் எலக்ட்ரீஷியன் அண்ணன். அவர் வீட்டு அண்ணிக்கும் போன வருஷம் இல்லை என்று வந்தது. கடிகாரம் எல்லாம் இல்லை. பதற்றத்தில் மூன்று கேள்விக்கு ஐ டோன்ட் நோ என்று சொல்லிவிட்டாராம். "தப்பா சொன்னாக்கூடச் சமாளிச்சுக்கலாம்டா தம்பி. தெரியாதுன்னு மட்டும் வாயில வரக் கூடாது. பொண்டாட்டிக்குப் புருஷனைப் பத்தித் தெரியாதுன்னா முடிஞ்சு போச்சு," என்கிறார். சொல்லிவிட்டு ஒரே சட்டையை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். அவர் பழைய ஆளாக இல்லை. 

இப்போது உன் வாக்கியத்துக்கு வருகிறேன். நீ முதலில் முழிப்பாயா? என்ன அநியாயம் இது! நான் ரொட்டி அடுப்புக்காரன். ஊரே தூங்கும்போது எழுந்து எழுந்து பழகிய கண் இது. லீவில் வந்தாலும் தானாகத் திறந்துவிடும். தினமும் நான்தான் முதலில் முழிப்பேன். நீ எழுந்துவிடப் போகிறாய் என்று அசையாமல் கிடப்பேன். நீ வாயைத் திறந்துகொண்டு தூங்குவாய். இதை ஆபீசரிடம் சொல்ல மாட்டேன், கவலைப்படாதே.

வேக் என்ற வார்த்தையை இங்கே நான் தினமும் கேட்கிறேன். மேல் தட்டு எதிர்க் கட்டில்காரன் அலாரம் வைத்தால் அவனைத் தவிர மூன்று பேரும் எழுந்திருப்போம். பேக்கரியில் முதலாளி ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் போடும்போது வேக் இட் ஜென்ட்லி என்பார். ஈஸ்ட்டையும் எழுப்பத்தான் வேண்டும். தண்ணீர் ஆறிப்போனால் எழாது, சூடு ஏறினால் செத்துப்போகும். உன் டீச்சரிடம் இந்த வாக்கியத்தைச் சொல், டிக் போடுகிறாரா பார்ப்போம்.

உன் கடைசி வாக்கியத்தைப் பார்த்தேன். இலக்கணம் சரியாக இருக்கிறது. அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

ரொட்டிக்காரன்


ஜூன் 21

இலக்கணம் சரியாக இருக்கிறதாம்! பெரிய வாத்தியார். மூன்று நாள் இந்தக் கடிதத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். இன்று கோபம் குறையவில்லை, தேதிதான் குறைகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் முழித்தது யார் என்ற வழக்கை முடித்துவிடலாம். குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் பிடிக்கப் போனது யார்? பிடித்து வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பி வந்து படுத்தது யார்? அப்போது நீங்கள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கிடந்தீர்கள். முழித்துக்கொண்டுதான் கிடந்தீர்களா? அப்படியானால் குடத்துக்கு ஒரு கை கொடுத்திருக்கலாமே! போகட்டும். நீங்களே முதலில் முழித்ததாக இருக்கட்டும். ஹி வேக்ஸ் ஃபர்ஸ்ட். எனக்கு விசா வேண்டும், ஜெயிப்பு வேண்டாம். இனி இதை மாற்றாதீர்கள், நீங்கள் விட்டுக்கொடுத்து நான் விட்டுக்கொடுத்து இரண்டு பேரும் குழியில் விழ வேண்டாம்.

நேற்று கடையில் அரை நாள் லீவு கேட்டுவிட்டு அந்த ஆபீசைப் பார்த்துவிட்டு வந்தேன். பழகிக்கொண்டால் பயம் போகும் என்று நினைத்தேன். போயிருக்கவே கூடாது. கதவுக்கு வெளியே நீள பெஞ்சு, எல்லார் மடியிலும் பிளாஸ்டிக் பை. யாரும் யாரோடும் பேசவில்லை. உள்ளே போய்விட்டு வந்த ஒரு பெண் படியிறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். காவலாளி தண்ணீர் கொடுத்துவிட்டு, பழக்கப்பட்டவர் போல வாளியை எடுத்துவரப் போனார். வாளி கதவுக்குப் பக்கத்திலேயே தயாராக இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று ஒருவருடைய லென்ஸைச் சாய்வு மாற்றி அறுத்துவிட்டேன். கடைக்காரர், "ஏம்மா, நீயே இப்படிப் பண்ணலாமா?" என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் இப்படிக் கேட்டதே இல்லை.

திரும்பி வரும்போது மாடி வீட்டு அக்காவிடம், வேறு என்னதான் கேட்பார்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கிளம்பின அன்னிக்கு என்ன சொன்னாருன்னு கேப்பாங்கடி. நீ என்ன சொன்னேன்னு கேப்பாங்க. அழுதீங்களான்னு கேப்பாங்க. எல்லார்கிட்டயும் அதைக் கேக்காம விடமாட்டாங்க."

அதனால் நேரில் பேச முடியாது. நேரில் வருவதே இதில்தான் இருக்கிறது. நீங்கள் கிளம்பிய அன்று அத்தையிடம் சொல்லிக்கொண்டீர்கள். பால்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டீர்கள். என்னை எழுப்பவில்லை. ஏன்? ஆபீசர் கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்? ஆபீசரை விடுங்கள், நான் கேட்கிறேன்.

படித்ததும் கிழித்துப் போடுங்கள். யாராவது பார்த்தால் பதில் தயாரிக்கிறோம் என்பார்கள்.


ஜூலை 1

கண்ணாடிக்காரிக்கு,

கிழிக்கவில்லை. தலையணை உறைக்குள் இருக்கிறது.

போன் செய்தேன், நம் தெருமுனைக் கடையில் யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பயன் இல்லை. இங்கே எனக்குப் பின்னால் வரிசை நிற்கும், அங்கே கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். இதெல்லாம் அப்படிப் பேசுகிற விஷயமா?

அந்தக் காலையைப் பற்றி எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பொண்டாட்டிகிட்டச் சொல்லாம வந்தேன்னு போய் ஆபீசர்கிட்டச் சொல்லுவியா? உனக்கென்ன கிறுக்கா? அதைவிடப் பெரிய சாட்சி அவங்களுக்கு வேணுமா?" என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? புருஷன் மாதிரியா தெரியும்? வாடகை அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறவன் மாதிரி தெரியும்.

அதனால் இப்படிச் சொல்வோம். ஹி வோக் மி. ஹி செட், ஐ வில் கால் யூ சூன். ஐ க்ரைட். ஹி ஆல்சோ க்ரைட். நான் சொல்லும்போது ஐ வோக் ஹர் என்று வரும், மற்றதெல்லாம் அதேதான். ஒரு எழுத்து மாறக் கூடாது. என்ன சட்டை என்று கேட்டால் நீலம். எங்கே தொட்டு எழுப்பினேன் என்று கேட்டால் தோளில்.

ஏன் என்று மட்டும் மறுபடி கேட்காதே. எழுதத் தொடங்கி மூன்று தாளைக் கசக்கிவிட்டேன். எழுதினால் இப்போது இருக்கிற தைரியமும் போய்விடும் போல் இருக்கிறது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அடுப்புக்கு முன்னால் நின்றாலும் குளிர்கிறது. உனக்கு விசா இல்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த வேலையை விட்டுவிட்டு வந்தால் அங்கே அம்மாவுக்கு யார் மருந்து வாங்குவது? வராமல் இருந்தால் நீ எத்தனை வருஷம் அந்த ஜன்னல் ஓரத்தைக் காலியாக வைத்துக்கொண்டு படுப்பாய்?

நாலு வாக்கியம்தான். படித்துக்கொள்.

ரொட்டிக்காரன்


ஜூலை 10

படித்துவிட்டேன்.

டீச்சரிடம் ஒப்பித்தேன். தப்பே இல்லை என்றார். "ஆனா பஸ் ஸ்டாண்டுல அறிவிப்புச் சொல்ற மாதிரி இருக்கு. உங்களுக்கு நடந்ததுதானே, நடந்த மாதிரி சொல்லுங்க," என்றார். 

பஸ்ஸில், கடையில், பாத்திரம் கழுவும்போது என்று எப்போதும் அதுதான் வாயில். ஹி வோக் மி. லென்ஸ் தேய்க்கும் மிஷின்கூட அதையே சொல்கிறது. அத்தை என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சாமி கும்பிடுறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒன்று சொல்லட்டுமா? இத்தனை தடவை சொல்லிச் சொல்லி இப்போது அது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. நீலச் சட்டையில் குனிகிறீர்கள். தோளில் கை வைக்கிறீர்கள். நான் கண்ணைத் திறக்கிறேன். நடக்காத ஒன்று இவ்வளவு தெளிவாகத் தெரிவது எனக்கு ஆபீசரைவிடப் பயமாக இருக்கிறது. நடந்தது எங்கே போகும்?

இதற்கு நீங்கள் பதில் எழுதினாலும் 24-க்குள் வந்து சேராது. அதனால் எழுத வேண்டாம். நாலு வாக்கியம், நீலச் சட்டை, தோள். ஹி வேக்ஸ் ஃபர்ஸ்ட். கடிகாரம் சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கண்ணாடிக்காரி


ஜூலை 24

என்னை மன்னித்துவிடுங்கள். கெடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். அத்தை கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், என்ன ஆச்சு என்று கேட்கவும் பயந்து.

உள்ளே ஒரு பெண் ஆபீசர். ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணாடி இடது பக்கம் தாழ்ந்திருந்தது, மூக்குத் தாங்கி வளைந்திருக்கிறது. ஒரு நிமிஷ வேலை. அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் முதலில் பயம் கொஞ்சம் அடங்கியது. சுவர் ஓரம், ஜன்னல் ஓரம், போர்வை, கடிகாரம், எல்லாம் கேட்டார். எல்லாம் சொன்னேன். முதலில் முழிப்பது யார் என்று கேட்கவே இல்லை! அதற்காகவா நாம் அத்தனை தாள் சண்டை போட்டோம்?

பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் போன அன்று காலை உன்னிடம் என்ன சொன்னார்?

நாலு வாக்கியமும் தயாராகத் தொண்டையில் நின்றது. வாயைத் திறந்தேன். நத்திங் என்று வந்தது. ஹி டிட் நாட் வேக் மி என்று வந்தது.

வேண்டும் என்று செய்யவில்லை, சத்தியமாக. நீங்கள் என் தோளில் கை வைத்தீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டால், அது பேப்பரில் ஏறிவிட்டால், பிறகு அதுதான் நடந்தது என்று ஆகிவிடும். அப்புறம் நிஜமாக நீங்கள் ஒருநாளும் கை வைக்கவே மாட்டீர்கள். எனக்கு அந்தப் பொய்க் கை வேண்டாம் என்று தோன்றியது. அந்த நேரத்தில் தோன்ற வேண்டிய விஷயமா இது? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நீ தூங்கிக்கொண்டிருந்தாயா என்று கேட்டார். அதற்காவது ஆமாம் என்றிருக்கலாம். நோ என்றேன். ஐ வாஸ் அவேக்.

இதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை. நான் தூங்கவில்லை. நீங்கள் குளிக்கப் போனபோதே முழித்துவிட்டேன். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியைப் பூட்டியதைப் பார்த்தேன். பூட்டு விழாமல் இரண்டு தடவை அழுத்தினீர்கள். திரும்பியதும் கண்ணை மூடிக்கொண்டேன். எழுப்பட்டும் என்று காத்திருந்தேன். எழுப்பினால் போகாதீர்கள் என்று சொல்லிவிடுவேன் என்ற பயமும் இருந்தது. நீங்கள் வந்து நின்றீர்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் போட்டீர்கள். எனக்கு எல்லாம் கேட்டது.

அவர் ஏன் எழுப்பவில்லை என்று கேட்டார். ஐ டோன்ட் நோ என்றேன். ஆமாம், அதையும் சொல்லிவிட்டேன். உங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் சொல்லாதீர்கள்.

நீங்கள் அங்கே நீலச் சட்டை, தோள், அழுகை என்று அழகாகச் சொல்லியிருப்பீர்கள். இங்கே நான் இப்படிச் சொல்லியிருக்கிறேன். கடிகாரம் பொருந்தவில்லை என்று அனுப்பியவர்கள் இதை விடுவார்களா? வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். காவலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துவரப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.


ஜூலை 24

கண்ணாடிக்காரிக்கு,

நான் ஒரு முட்டாள். உட்கார்ந்து பாடம் எழுதிக் கொடுத்தவனே பரீட்சையில் மாற்றி எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆபீசர் வயதானவர், குரலே எழுப்பவில்லை. அதுதான் வினை. அதட்டியிருந்தால் ஒப்பித்திருப்பேன். கிளம்பும்போது மனைவியை எழுப்பினாயா என்று மெதுவாகக் கேட்டார். யெஸ் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உன் முகம் வந்து நின்றது, அன்று காலை இருந்த மாதிரியே. நோ என்றேன்.

ஏன் என்றார். ஷி வாஸ் அவேக் என்றேன்.

அவர் பேனா நின்றது. அது உனக்கு எப்படித் தெரியும் என்றார்.

இனி உனக்கும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன். நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, ஊரில் இல்லாத தூக்கம் தூங்கினாய். மூக்கின் மேல் கண்ணாடி. அடி பைத்தியமே, யாராவது கண்ணாடி போட்டுக்கொண்டு தூங்குவார்களா? ராத்திரி ஜன்னல் திட்டில் நீ வைத்ததை நான் பார்த்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் எடுத்து மாட்டியிருக்கிறாய். என்னைப் பார்க்கத்தானே மாட்டினாய்? கழற்ற மறந்துவிட்டாய்.

கோணலாக இருந்தது. ஒரு பக்கம் தலையணையில் அழுந்தி வளைந்துவிடும் போல் இருந்தது. கழற்றி வைக்கலாம் என்று கையை நீட்டினேன். தொட்டால் நீ கண்ணைத் திறக்க வேண்டியிருக்கும். திறக்கக் கூடாது என்று நீ அவ்வளவு பாடுபட்டுக்கொண்டிருந்தாய். அதைவிட, நீ திறந்தால் நான் பெட்டியைத் திரும்பப் பிரித்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அந்தக் கைதான் இத்தனை மாதமாக அடுப்பில் தட்டு எடுக்கும்போதெல்லாம் வலிக்கிறது.

நீ தூங்கிக்கொண்டிருந்த மாதிரியே எழுதினாய். அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் விட்டேன்.

ஆபீசரிடம் இவ்வளவு இங்கிலீஷ் எனக்கு எங்கே வரும்? ஹர் கிளாசஸ் வேர் ஆன் என்றேன். மூக்கைத் தொட்டுக் காட்டினேன். இஃப் ஷி ஓபன் ஐஸ், ஐ கேன்னாட் கோ என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் எழுதினார். போகலாம் என்றார்.

நீ அங்கே ஹி வோக் மி என்று திருத்தமாகச் சொல்லியிருப்பாய். உனக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆகுமே. நான் இங்கே இப்படி. எலக்ட்ரீஷியன் அண்ணன் கேட்டுவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். செத்த வீட்டில் கொடுப்பது மாதிரி இருந்தது.

இல்லை என்று வந்தால் அது உன்னால் இல்லை, என்னால். அம்மாவிடமும் அப்படியே சொல்.

ரொட்டிக்காரன்


ஆகஸ்ட் 14

ரொட்டிக்காரருக்கு,

உங்கள் கடிதம் முன்பே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது, அப்புறம் அழுகை வருகிறது, தாள் நனைகிறது. முடிவு தெரியாமல் சிரிக்கவும் பயம். அதனால் எழுதாமலே இருந்தேன்.

அன்று நீங்கள் போன பிறகு அத்தை என்னைப் பார்த்து, "என்னம்மா மூக்குல ரெண்டு பக்கமும் சிவப்பா பதிஞ்சிருக்கு?" என்று கேட்டார். பூச்சி கடித்துவிட்டது என்றேன். இத்தனை மாதம் நானே அதை நம்பிக்கொண்டிருந்தேன் போல. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், தன் மூக்கில் கண்ணாடி இருப்பது தெரியாமல் நடித்திருக்கிறேன்!

இன்று மத்தியானம் கவர் வந்தது. அத்தை அதைக் கடைக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், பிரிக்காமல், முந்தானையில் சுற்றி.  கடைக்காரர்தான் கத்தரியால் ஓரத்தை வெட்டிக் கொடுத்தார். முதல் வரி படித்தேன், புரியவில்லை. இரண்டாவது தடவை படித்தேன். டீச்சர் சொல்லிக்கொடுத்த வடிவம்தான், ஆகி முடிந்தது என்பதற்கு உள்ளது. ஹேஸ் பீன் அப்ரூவ்டு.

கிடைத்துவிட்டது. நான் வருகிறேன்.

அத்தை கடை வாசலில் உட்கார்ந்து அழுதார். சந்தோஷமா துக்கமா என்று நான் கேட்கவில்லை, இரண்டும்தான். அவர் தங்கை வந்து கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாடி வீட்டு அக்காவிடம் சொல்லத்தான் கால் எழவில்லை. அவரே இறங்கி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது போடி," என்றார். சமையலறைக் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போனார். அவர் போன பிறகு வெகுநேரம் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

இப்போது வேறு பயம் பிடித்துக்கொண்டது. தெரியாத ஊர், தெரியாத தெரு. நான் பேசினால் யாருக்கும் புரியுமா? ஒரு மழைக்காலம் பார்த்த மனுஷரோடு எல்லாக் காலமும் இருக்கப் போகிறேன், அதுவும் பயம்தான். உங்களுக்கும் இருக்கும், மறைக்க வேண்டாம்.

நமக்கென்று வாடகைக்கு அறை பிடித்ததும் அதில் எது ஜன்னல் ஓரம் என்று எழுதுங்கள். திட்டு இருக்கிறதா என்றும் எழுதுங்கள், கண்ணாடி வைக்க. வந்த மறுநாளே நீங்கள் இருட்டோடு எழுந்து அடுப்புக்குப் போவீர்கள் என்று தெரியும். லீவெல்லாம் கேட்க வேண்டாம், போங்கள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். என்னை எழுப்பிவிட்டுப் போங்கள். முழித்திருந்தாலும் எழுப்புங்கள்.

கண்ணாடிக்காரி